ஒரு ஜன்னலுக்காக முடுக்கிய கணினி

திரையின் மூலையில் இருந்த எண் சிவப்பாக மாறியதும் என் தம்பி சேவியர் செய்த முதல் காரியம், ஈரத் துண்டு எடுக்க ஓடியது.

கோச்சடையில் எங்கள் வீட்டு மாடி அறை. வைகாசிக் காலை. மொட்டை மாடித் தரையில் அதற்குள் கானல் ஆடத் தொடங்கியிருந்தது. மேசைக்கு அடியில் கணினிப் பெட்டி, சிம்மக்கல் நெரிசலில் மாட்டிக்கொண்ட டவுன் பஸ் போல உறுமிக்கொண்டிருந்தது. புராசசரின் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி என்றது திரை.

"அக்கா, நிப்பாட்டிரு. வெடிச்சுரும்."

"வெடிக்காதுடா. சூடு கூடினா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். தாங்கலைன்னா தானா அணைஞ்சுரும். நீ மொதல்ல அந்தத் துண்டைக் கீழ வையி. கரண்டு சாமான்ல ஈரத் துண்டு போட வந்த ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"காய்ச்சல்னா நெத்தில போடுறதில்லையா?"

எனக்குப் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. முந்தின நாள்தான் புராசசரின் சூட்டைத் தணிக்கும் பழைய சின்ன விசிறியைக் கழற்றிவிட்டு, பூசணிக்காய் பருமனுக்குப் புதுக் கூலர் ஒன்றை மாட்டியிருந்தோம். பழையதிலேயே எண்பதைச் சற்றுத் தாண்டித்தான் சூடு நிற்கும். புதியதில் அது இறங்க வேண்டும், ஏறியிருக்கிறது.

ஏறக்கூடாத வாரம் அது. வியாழக்கிழமை காலை சோழவந்தானில் ஒரு வீட்டுக்கு வாஸ்து பூஜை. அதற்குள் இந்தப் பெட்டி எனக்கு ஒரு ஜன்னலைச் செய்து தந்தாக வேண்டும். அன்று செவ்வாய்.

கோட்டுக்குள் நடக்க முடியாது

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வீடுகளுக்கு வரைபடம் போட்டுப் பிழைப்பவள். மிச்ச நேரத்தில் வசன கவிதை எழுதுகிறேன். வரைபடத்தில் கோடு நேராக ஓட வேண்டும், கவிதையில் ஓடினால் செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே வெகுகாலமாக இடமும் வலமுமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் உட்காராத கால் என்று வீட்டில் பேர்.

மல்லிகா அக்கா என்னைத் தேடி வந்தது அதற்கு முந்தின வாரம். சோழவந்தானில் அவருக்கும் அவர் கணவர் முத்தையா அண்ணனுக்கும் வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலை ஒட்டிய மனையில் வீடு கட்டப் போகிறார்கள். நான் போட்ட வரைபடத்தில் சமையலறை கிழக்கைப் பார்த்து இருந்தது, அந்தச் சுவரில் ஒரு பெரிய ஜன்னலும் இருந்தது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, படிக்கட்டைக் கிழக்கே வைத்தால் கம்பி மிச்சம், வெளியிலிருந்தே மாடிக்கு ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். முத்தையா அண்ணன் சரி என்றுவிட்டார். படிக்கட்டு வந்தால் ஜன்னல் போய்விடும்.

அக்கா வரைபடத்தை என் மேசையில் விரித்தார். விரலை வைத்து ஜன்னலைத் தேடினார். கிடைக்கவில்லை.

"எனக்கு இந்தக் கோடெல்லாம் வெளங்காதுமா. அவருக்கும் வெளங்காது, ஆனா வெளங்குன மாதிரி தலைய ஆட்டுவாரு. நான் பகல் பூரா கொடிக்கால் நிழல்லதான் நிக்கிறேன். காலைல உள்ள போனா வெயில் கண்ல படாது. பொழுது சாய வீட்டுக்கு வந்தா அங்கிட்டும் இருட்டு அடுப்படி. புது வீட்லயும் எனக்கு நிழலுதானா?"

ஒரு கவிதை எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன், இதைவிட மோசமாக.

"அண்ணன்ட்ட சொல்லிப் பாத்தீங்களாக்கா?"

"சொன்னேன். 'லைட்டு போட்டுக்கலாம்ல'ங்கிறாரு." முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "நீ கம்ப்யூட்டர்ல வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி காட்டுவியாமே. அத ஒருக்கா அவருக்குக் காட்டு. வாஸ்து அன்னிக்குக் காலைல பூசை முடிஞ்சதும் வானம் தோண்டிருவாங்க. அதுக்கு மேல எதையும் மாத்த முடியாது."

எங்கள் பக்கத்தில் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பேர். தரைக்குக் கீழே தோண்டுவதற்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், எதுவும் எனக்கு ஒட்டவில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த வாஸ்து நாள் தவறினால் அடுத்தது ஆடியில்தான். ஆடியில் யார் வீடு தொடங்குவார்கள்?

நிழலை யார் எண்ணுவது

ஒரு படம் போதாது. ஒரு படத்தை ஏற்கெனவே காட்டியாயிற்று. "போட்டோல எல்லாம் நல்லாத்தேன் இருக்கும்" என்று அண்ணன் தள்ளிவிட்டாராம்.

அதனால் வீட்டுக்குள் நடந்து போவது போல இரண்டு காணொளி நடை அமைத்தேன். இரண்டும் ஒரே காலை நேரம், ஒரே வாசல், ஒரே சமையலறை. முதல் நடையில் கிழக்கே படிக்கட்டு. இரண்டாவதில் கிழக்கே ஜன்னல். ஆள் நடக்க நடக்க சூரியன் ஏறும்.

திரையில் ஒரு விரற்கடை வெளிச்சம் விழுவதற்குள் கணினி என்ன பாடுபடுகிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அது கதிர்களை அனுப்பிப் பார்க்கிறது. சுவரில் பட்டதா, தரையில் சிதறியதா, அடுக்களை மேடையின் பித்தளைக் குடத்தில் தெறித்துக் கூரையில் மங்கலாக ஒட்டிக்கொண்டதா? எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகுதான் ஒரு படம். அப்படி ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்தால் ஒரு நடை. வசதியான கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் அதன் தலையில் இதைக் கட்டிவிடுவார்கள். என்னிடம் அது இல்லை, புராசசர்தான் சுமக்க வேண்டும்.

கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததில், செவ்வாய் பிற்பகல் தொடங்கினால் வியாழன் மதியம் முடியும் என்று காட்டியது. பூஜையோ வியாழன் காலை. அரைப் பகல் இடிக்கிறது.

தரத்தைக் குறைத்திருக்கலாம். குறைத்தால் முதலில் கெட்டுப்போவது நிழல். எனக்கு வேண்டியதே நிழல்தான்.

ஆகவே ஓவர்கிளாக். தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் புராசசரை ஓட்டுவது. எல்லாப் புராசசரும் இதற்கு ஒத்துக்கொள்ளாது, சிலவற்றுக்கு ஆலையிலேயே பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். என்னுடையது பூட்டு இல்லாத ரகம், அது உட்கார்ந்திருக்கும் மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்கும். வாங்கிய நாளிலிருந்து நான் தொட்டதில்லை. இப்போது ஒரு காரணம் வந்தது.

படிக்க வேண்டியதைப் படித்தேன். புதுசாகச் செய்பவருக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதும் சூட்டைப் பார். எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பத் தெரிந்து வைத்துக்கொள். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. அவசரக்காரிக்கு ஒழுங்காக எழுதிவைத்த நிதானம் எப்போதும் பிடிக்கும், கடைப்பிடிக்க வராவிட்டாலும்.

மெதுவாக ஓட்டும் பந்தயம்

மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. காலைத் தரையில் ஊன்றக்கூடாது, சாயக்கூடாது, நிற்கவும் கூடாது. நான் ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து தோற்பேன். மைதானமே சிரிக்கும். சேவியர் நத்தை மாதிரி ஊர்ந்து வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்குவான். அந்த டம்ளர் இன்னும் அவன் வீட்டில் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது, கம்பெனி ஸ்டிக்கரோடு.

அவன் அப்படித்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, நாற்பது தாண்டிய ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வாங்கிய எதன் மேலிருந்தும் பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டான். டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருக்கும், பொத்தான் எங்கே என்று தடவித்தான் அமுக்க வேண்டும். பிரிஜ் கதவில் நீலத் தாள். கார் வாங்கி வருஷங்கள் ஆயிற்று, சீட்டில் ஷோரூம் கவர். சித்திரை வைகாசியில் அதில் ஏறி இறங்கினால் முதுகுத் தோல் பாதி அங்கேயே தங்கிவிடும்.

"பிரிச்சுட்டா பழசாயிரும்க்கா" என்பான். அவன் மனைவி இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

திருகாணி வேலையில் மட்டும் அவன் கையை யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு அவசரம், அவனுக்கு நிதானம். அதனால் கூலரை மாட்டும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு நான் கீழே சமையலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. நான்கு திருகும் ஒரே முறுக்கு. வயர்கள்கூடச் சீவிப் பின்னிய சடை மாதிரி ஒதுங்கியிருந்தன.

சந்தேகம் யார் மேல்

திரும்ப அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு, சிவப்பு எண்ணுக்கு.

அன்று காலை வேகத்தை ஒரே ஒரு படிதான் ஏற்றியிருந்தேன். புராசசரை மூச்சுமுட்ட வேலை வாங்கும் சோதனை மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். காபி ஆறுவதற்குள் தொண்ணூற்றைந்து.

"இது நம்ம ஊரு வெயிலுக்கு ஒத்துவராதுக்கா. அதெல்லாம் குளுரு ஊர்ல செய்யிறது. பேசாம பழையபடி விட்டுரு."

"பழையபடி விட்டா ஜன்னல் வராது."

"ஒரு ஜன்னலுக்காண்டி கம்ப்யூட்டரக் கொல்லுவியா?"

"கொல்லல. இரு, பழையபடியே விட்டுப் பாப்போம்."

அணைத்து, பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஏற்றிய படியை இறக்கினேன். வாங்கிய நாளில் இருந்த வேகம். மீண்டும் அதே சோதனை. எண் ஏறியது, ஏறியது, அதே தொண்ணூற்றைந்தில் போய் உட்கார்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேகத்தை ஏற்றினாலும் அதே சூடு, இறக்கினாலும் அதே சூடு. குற்றவாளி வேகம் இல்லை. வைகாசி வெயிலும் இல்லை, ஏனென்றால் போன வாரமும் வைகாசிதான். நடுவில் மாறியது ஒன்றே ஒன்று.

"சேவி, கூலரக் கழட்டு."

"நல்லாத்தானக்கா மாட்டிருக்கேன்."

"நல்லாத்தான் மாட்டிருக்க. கழட்டு."

பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும் வரை காத்திருந்தோம். அவன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கூலரை இலேசாக இப்படியும் அப்படியும் திருகித் தூக்கினான். கவிழ்த்துக் காட்டினான்.

அடிப்பாகத்தில், புராசசரின் சூட்டை வாங்க வேண்டிய செம்புத் தகட்டின் மேல், கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் மேல், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் சாம்பல் நிறப் பசை பக்குவமாகப் பரவியிருந்தது. தாளின் ஓரத்தில் சின்ன வால். பிடித்து இழு என்பதற்காகவே வைத்த வால்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"டேய். இதப் பாக்கலியா நீ?"

"பாத்தேன்."

"பாத்தியா?"

"புதுச் சாமான்க்கா. தகடு கீறிறக் கூடாதுன்னு விட்டேன்."

"பிரிச்சுட்டு மாட்டுன்னு அதுலயே எழுதிருக்கேடா."

"ரிமோட் கவர்லயும்தான் எழுதிருக்கு."

நான் வாலைப் பிடித்து இழுத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தகடு பளபளவென்று வெளியே வந்தது. சேவியர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான், யாரோ வீட்டுப் பொருளைச் சொல்வது போல.

மருந்துக்கடை ஸ்பிரிட்டால் பழைய பசையைத் துடைத்து, பச்சைப்பட்டாணி அளவு புதுப்பசை வைத்து மறுபடி மாட்டினான். அதே சோதனை. எண் அறுபத்தைந்தைத் தாண்டிச் சற்று மேலே போய் நின்றது, நிழலில் ஒதுங்கிய ஆடு மாதிரி.

எங்கே நிறுத்துவது

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஒரு படி ஏற்று, சோதனை போடு, சூட்டைப் பார். அடுத்த படி. மின்னழுத்தத்தை மட்டும் தானியங்கியில் விடவில்லை. சில போர்டுகள் கேட்பாரில்லாமல் அள்ளி ஊற்றும், சூட்டுக்கும் ஆயுள் குறைவதற்கும் அதுதான் வேர். வழக்கமாக வேலை செய்யும்போது என்ன அளவு ஓடியதோ அந்த அளவிலேயே கட்டிப்போட்டேன். எண்பத்தைந்தைத் தொட்டால் நிறுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். ஆசை ஏறிய பிறகு முடிவு எடுக்க முடியாது என்பதை இந்த வயதிலாவது தெரிந்து வைத்திருக்கிறேன்.

சூடு அங்கே போவதற்கு முன்பே ஒரு படியில் திரை நீலமாகி உறைந்தது. சேவியரின் கை துண்டைத் தேடியது.

"ஒண்ணும் ஆகல. அதுக்கு இதுக்கு மேல முடியலையாம். சொல்லுது."

மறுபடி எழுப்பி, இரண்டு படி கீழே இறங்கினேன். ஒரு படி இறங்கினாலே போதும் என்று தோன்றியது. ஆனால் ஒரு படி என்பது காலை ஊன்றாமல் சாயாமல் நிற்கிற இடம், இரண்டு படி என்பது நிம்மதியாக ஓட்டுகிற இடம். அங்கேயே வைத்து, சோறு வடித்துக் குழம்பு கொதித்து நாங்கள் சாப்பிட்டு எழும் வரை சோதனையை ஓடவிட்டேன். தடுமாறவில்லை.

"அம்புட்டுத்தானா? இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாக்கலாம்லக்கா?" என்றான், காலையில் வெடிச்சுரும் என்றவன்.

"போதும்டா."

மெதுவாக ஓட்டும் பந்தயத்தில் என் வாழ்க்கையில் முதல் தடவை ஜெயித்தேன். பார்க்க மைதானம்தான் இல்லை.

கிடைத்தது பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பறக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதில் இறங்க வேண்டாம். கொஞ்சம் கூடியது. அந்தக் கொஞ்சம்தான் எனக்குத் தேவைப்பட்டது.

வியாழன் விடிந்தபோது கடைசிப் படம் விழுந்து முடிந்திருந்தது.

சோழவந்தான், காலை

சேவியரின் காரில் போனோம். பிளாஸ்டிக் சீட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நடையையும் அவனுடைய டேப்லெட்டில் ஏற்றி மடியில் வைத்திருந்தேன்.

மனையில் பூஜை முடிந்திருந்தது. தேங்காய் உடைத்த ஈரம், சூடம் எரிந்த கரி. முளைக்குச்சிகள் அடித்து நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. மண்வெட்டியோடு மேஸ்திரியின் ஆட்கள் நின்றார்கள். மல்லிகா அக்கா பட்டுச்சேலையில், கொஞ்சம் தள்ளி. என்னைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் தலையசைத்தேன்.

"அண்ணே, தோண்டுறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"நல்ல நேரம் போகுதுமா" என்றார் மேஸ்திரி.

"இருய்யா, புள்ள கோச்சடைலருந்து வந்துருக்கு" என்று முத்தையா அண்ணன் டேப்லெட்டை வாங்கினார். கையை மறைப்பாக வைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணுந் தெரியலயேமா. புகையடிச்ச மாதிரில்ல இருக்கு."

எட்டிப் பார்த்தேன். டேப்லெட்டின் முகத்தில், கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் பிரிக்காமலே இருந்தது. கொப்புளம் கொப்புளமாகக் காற்று, ஓரமெல்லாம் தூசி, வெயில் பட்டதும் முழுக்க வெள்ளை. வெளிச்சத்தைக் காட்டக் கொண்டுவந்த பொருளை வெளிச்சமே மறைத்தது.

நான் சேவியரைப் பார்த்தேன். மல்லிகா அக்காவும் என்ன ஏது என்று தெரியாமலே அவனைப் பார்த்தார்.

அவன் "குடுங்கண்ணே" என்று வாங்கி, ஒரு மூலையை நகத்தால் நிமிண்டி, கண்ணை மூடிக்கொண்டு சர்ரென்று உரித்தான். உரித்ததைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

முதல் நடை ஓடியது. வாசல், கூடம், சமையலறை. விடிந்த பிறகும் விடியாத அறை. மேடையும் குடமும் இருட்டில் கரைந்து கிடந்தன. இரண்டாவது நடை. அதே வாசல், அதே கூடம். சமையலறைக்குள் நுழைந்ததும் கிழக்கிலிருந்து வெயில் சாய்ந்து வந்து மேடையில் படுத்தது. குடத்தின் வயிறு மின்னியது. ஜன்னலுக்கு வெளியே, கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படரும் அகத்தி மரங்கள்.

மல்லிகா அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெசத்துலயும் இம்புட்டு வெளிச்சம் வருமா? இல்ல கம்ப்யூட்டர்ல கூட்டிப் போட்டதா?"

"வேகத்தைத்தான் கூட்டுனேண்ணே. வெளிச்சத்தைக் கூட்டல."

அவருக்கு அது புரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நடையை இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார். டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தார். படிக்கட்டுக்காக அடித்திருந்த முளைக்குச்சியைக் காலால் ஆட்டிப் பார்த்தார்.

"படிக்கட்ட மேக்க தூக்கிருய்யா."

"நூலு புடிச்சாச்சேண்ணே" என்றார் மேஸ்திரி.

"அவுத்துப் புடி. இங்கிட்டு சன்னலு வருது." பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே, "என்னமோ நான்தேன் வேணாம்னு சொன்ன மாதிரி" என்று சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரியின் ஆள் குச்சியைப் பிடுங்கினான். நூல் தளர்ந்து மண்ணில் விழுந்தது.

மல்லிகா அக்கா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் அடுப்படி வரப்போகிற இடத்தில், கிழக்கே பார்த்து நின்றார். சுவர் இல்லை, கூரை இல்லை. அகத்தி மரங்களுக்கு மேலே ஏறியிருந்த வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது.

"கண்ணு கூசுதே" என்றார்.

ஆனால் நகரவில்லை.